மீன் தீவனத்தில் புழு மாவு: நொதி வேண்டாம், எண்ணெயை எடுங்கள்

கேள்வி: திலேப்பியா வளர்க்கிறேன். 100 கிலோ தீவனத்தில் சேர்த்துவந்த 20 கிலோ மீன்தூளை நிறுத்திவிட்டு, அதே அளவு பிளாக் சோல்ஜர் ஈப் புழு மாவு போட்டேன். புழு என் பண்ணையில் வளர்ந்ததுதான். வெயிலில் காயவைத்து அரைத்தேன். ஒரு மாதமாக மீன் எடை ஏறவில்லை. குச்சித் தீவனம் தண்ணீரில் உடனே உதிர்கிறது, சிக்கு வாடை வேறு. புழுத் தோலிலுள்ள கெட்டிப்பொருளான கைட்டினைச் செரிக்கவைக்கும் நொதி வாங்கச் சொல்கிறார் தீவன வியாபாரி. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தீவனத்தில் புரதமே குறைந்துவிட்டது, நொதி அதைக் கொண்டுவராது.

எண்ணெய் பிழியாத புழு மாவில் 42% புரதம் என்பது, அளந்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கிய கணக்கு. கைட்டினிலுள்ள நைட்ரஜனும் அதில் புரதமாக எண்ணப்படுகிறது. புழுவுக்குரிய 4.76-ஆல் பெருக்கினால் 32% தான். 60% மீன்தூள் 20 கிலோ தந்தது 12 கிலோ புரதம். இப்போது கிடைப்பது 6.4 கிலோ. மூட்டையில் பெரிய புரதச் சதவீதத்தை அச்சடித்து விற்பவரிடம் நைட்ரஜன் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேளுங்கள். பெருக்கலை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, புழுவை எப்படிக் கொல்வது என்பதை. வெயிலில் அது மெல்லத்தான் சாகும். அதற்குள் உடலிலுள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைத்துவிடும். சிக்கு வாடைக்கு வழி அங்கேதான் திறக்கிறது. ஒரு நாள் இரையை நிறுத்தி, கழுவி, தளதளவென்று கொதிக்கும் நீரில் 40 விநாடி முக்கி எடுங்கள். நீர் தாராளமாக இருக்கட்டும். புழுவைக் கொட்டியதும் கொதி அடங்கிவிட்டால் பயனில்லை. பிறகு 60 டிகிரி செல்சியஸில், ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை உலர்த்துங்கள். வெளிர்நிறம் மாறுமுன் அறுவடை செய்யுங்கள். கருத்த புழுவில் கைட்டினும் சுண்ணாம்பும் கூடுதல். கைட்டினைக் குறைக்கச் செலவில்லாத வழி இதுதான்.

அடுத்தது எண்ணெய். காய்ந்த புழுவில் சுமார் 30% கொழுப்பு. அரைவையில் அப்பிக்கொள்ளும், குச்சியை இறுகவிடாது. எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் எந்திரத்தில் இளஞ்சூட்டில் பிழிந்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், மிஞ்சும் பிண்ணாக்கில் மெய்யான புரதம் 41% ஆகும். பிழியாத மாவைத் தீவனத்தில் சேர்க்கவே கூடாது என்பேன்.

மீன்தூளில் 10 கிலோவை மட்டும் எடுத்துவிட்டு, இந்தப் பிண்ணாக்கு 14.5 கிலோ போடுங்கள். கூடும் எடையைத் தவிட்டில் குறையுங்கள். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் 100 கிராம் சேருங்கள். மீன்தூளை முழுவதும் நிறுத்த வேண்டாம்: புழுக் கொழுப்பில் பெரும்பங்கு லாரிக் அமிலம் என்ற கொழுப்பு, மீனெண்ணெயின் ஒமேகா-3 அதில் இல்லாததுபோலத்தான். மீனைத் தின்பவருக்கும் ஒமேகா-3 குறையும்.

புழுவுக்கு என்ன இரை போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. இரையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் புழுவின் உடலில் சேரும். எண்ணெயைப் பிழிந்தபின் பிண்ணாக்கில் இன்னும் செறியும். ஆலைக் கழிவோ, எங்கிருந்து வந்ததென்று தெரியாத குப்பையோ போட்டிருந்தால், அந்த மாவை மீனுக்குக் கொடுக்காதீர்கள்.