கட்லாவின் உடலில் தொங்கும் நூல் புழுவல்ல

கேள்வி: 50 சென்ட் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 4,000 குஞ்சுகள் விட்டு நான்கு மாதம் ஆகிறது. இப்போது கட்லா கரையோர மூங்கிலில் உரசிக்கொண்டே இருக்கிறது. துடுப்பின் அடியில் நூல்போலப் புழு தொங்குகிறது, சுற்றிலும் சிவந்திருக்கிறது. ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தீவனத்தில் கலந்து பார்த்தேன். 50 கிலோ உப்பு மூட்டை ஐந்து கொட்டினேன். பலனில்லை. நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை ஊற்றலாமா? இந்த மீனைச் சாப்பிடலாமா? (ஒரத்தநாடு பகுதி விவசாயி)

பதில்: பூச்சிமருந்தைத் தொடாதீர்கள். முதலில் ஒரு கட்லாவைப் பிடித்து, ஈரத்துணியில் வைத்து, அந்த நூலைச் சிறு இடுக்கியால் வேரோடு மெல்ல இழுத்துப் பாருங்கள். வெளியே தொங்கும் நுனியில் இரண்டு சிறு பைகள் இருந்தால் அவை முட்டைப் பைகள். சதைக்குள் இருந்த தலை கொம்புபோலக் கிளைத்து, நங்கூரம் மாதிரி இருக்கும். நங்கூரப் புழு என்ற பெயர் அதனால்தான் வந்தது. பெயரில் புழு இருந்தாலும் இது புழு இனமே அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. குடற்புழு மாத்திரை தோற்றதற்குக் காரணம் இதுதான்.

உப்பு ஏன் கைகொடுக்கவில்லை என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 சென்ட் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்தால் 30 லட்சம் லிட்டர் நீர். நீங்கள் கொட்டிய 250 கிலோ அதில் கரைந்தால், பத்து லிட்டர் வாளிக்கு ஒரு கிராம்கூட வராது. உப்புக் குளியல் தொட்டிக்குத்தான், குளத்துக்கு அல்ல. புதிதாக வாங்கும் குஞ்சுகளை 100 லிட்டர் நீரில் மூன்று கிலோ கல்லுப்பு கரைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு எடுக்கலாம். குஞ்சு சாய்ந்தால் உடனே நல்ல நீருக்கு மாற்றிவிட வேண்டும்.

நெல் பூச்சிமருந்து மீனையே கொல்லக்கூடியது. மீன் பிழைத்தாலும், கட்லா மேல்மட்டத்தில் மேய்கிற நுண்ணுயிர் விலங்குகள் முதலில் அழியும். நோயில் இளைத்த மீனுக்கு இரையும் போய்விடும்.

நீங்கள் கண்ணால் பார்ப்பது முழுதும் பெண். இனச்சேர்க்கை முடிந்ததும் ஆண் செத்துவிடும், பெண் சதையைத் துளைத்துக்கொண்டு முட்டையிடும். முட்டை பொரித்த இளம் பருவம் நீரில் நீந்தும், பிறகு செவுளில் ஒட்டும். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிந்துவிடும். சதைக்குள் தலை புதைத்த பெண்ணை மருந்து எளிதில் தொடாது. மருந்துக்கு மடிவது இளம் பருவம்தான். ஆகவே ஒருமுறை மருந்திட்டு நிறுத்தினால் பணம் வீண். ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது இட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேளுங்கள். குளத்தின் நீளம், அகலம், ஆழத்தை அளந்துகொண்டு போங்கள். "ஏக்கருக்கு ஒரு பாட்டில்" என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம், ஆழம் தெரியாமல் அளவு சொல்ல முடியாது. மருந்திட்ட பின் எத்தனை நாள் மீன் பிடிக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மனத்தாங்கலோடு சொல்கிறேன். 50 சென்ட்டுக்கு 2,000 குஞ்சு போதும். நீங்கள் இரு மடங்கு விட்டிருக்கிறீர்கள். நெருக்கத்தில் ஒட்டுண்ணிக்கு அடுத்த மீன் பக்கத்திலேயே கிடைக்கிறது. குடற்புழு மாத்திரை கொடுத்துச் சில வாரம் ஆகியிருந்தால், விற்கும் எடை வந்தவற்றைச் சிகிச்சைக்கு முன்பே பிடித்துவிடுங்கள். சாணம் போடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். இரவல் வலை வேண்டாம். சொந்த வலையையும் நன்றாக வெயிலில் காயவைத்தே இறக்குங்கள். வாய்க்கால் மடையில் கண்ணி சிறிய வலை கட்டுங்கள். இளம் பருவத்தை அது தடுக்காது, அதைச் சுமந்துவரும் காட்டு மீனைத் தடுக்கும்.

சாப்பிடலாமா என்றால், இது மனிதருக்குத் தொற்றாது. புண்பட்ட சதையை வெட்டி நீக்கி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், ஆனால் நீங்கள் குடற்புழு மாத்திரை கொடுத்திருப்பதால் சில வாரம் பொறுத்துச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் முறை மருந்திட்ட பத்தாம் நாள் வலை வீசி, இருபது கட்லாவின் துடுப்படியைப் பாருங்கள். முட்டைப் பையோடு ஒன்றுகூடத் தொங்கினால் நான்காம் முறையும் தேவை.