பாட்டிலில் அடைத்த வீட்டு பீரில் மூன்று வாரமாகியும் கேஸ் ஏறவில்லை, வீட்டுக்குள் 14 டிகிரிதான். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடலாமா?

போடாதீங்க. தயவுசெய்து போடாதீங்க. நான் போட்டேன், அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

நான் இப்போது இருப்பது காட்பாடியில். ஆனால் நாலு வருஷம் ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தேன், உங்களைப் போலவே அங்கே வீட்டில் பீர் காய்ச்சினேன் (பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை). கரண்ட் பில்லுக்குப் பயந்து ஹீட்டரைக் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் போடுவோம், அதனால் வீடு எப்போதும் 13, 14 டிகிரியில்தான் கிடக்கும். மூன்றாவது வாரம் ஒரு பாட்டிலைத் திறந்தால் 'புஸ்' என்ற சத்தம்கூட இல்லை, நேற்று திறந்து வைத்த சோடா மாதிரி இருந்தது. சர்க்கரை குறைந்துவிட்டது என்று நானே முடிவு பண்ணி, எல்லா மூடியையும் கழற்றி, அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் மறுபடி போட்டு, புது மூடி அடித்து, அலமாரியில் வைத்து மறந்தும்விட்டேன்.

மே மாதம் வெயில் வந்தது. ஒரு ராத்திரி 'டமார்'. அலமாரிக் கதவின் உள்பக்கம் பழுப்புக் கண்ணாடிச் சில் ஒன்று ஆணி அடித்தது போலக் குத்தி நின்றது. மிச்சம் இருந்த ஒன்பது பாட்டிலையும் ஜாக்கெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஈரத் துண்டு போர்த்தி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். இரண்டு நாள் நன்றாகக் குளிர்ந்து அழுத்தம் இறங்கிய பிறகு ஒவ்வொன்றாக பக்கெட்டுக்குள் வைத்துத் திறந்தேன், பாதி பீர் கூரைக்குப் போனது.

அப்போது குடியாத்தத்தில் இருந்த அம்மாவிடம் போனில் பீர் என்று சொல்லாமல் 'ஒரு இஞ்சி சோடா' என்று பூசி மெழுகிச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஏன்டா, மார்கழில மாவு பொங்கலன்னா இன்னும் உளுந்தையா கொட்டுவ? அடுப்பாண்ட வெச்சிட்டு சும்மா இருக்க வேண்டியதுதான?"

விஷயம் அவ்வளவுதான். பாட்டிலில் அடைக்கும்போது போட்ட சர்க்கரையை ஈஸ்ட் (பீரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) தின்றால்தான் கேஸ் வரும். உங்கள் சர்க்கரை சரியாகவே இருக்கும், ஈஸ்ட்தான் குளிரில் சுருண்டு படுத்திருக்கிறது. வீட்டு பீருக்குப் பொதுவாகப் போடும் ஏல் வகை ஈஸ்டுக்கு 20 டிகிரி பக்கம் இருந்தால்தான் வேலை ஓடும், 14-இல் சாப்பிடும் ஆனால் மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி கொறிக்கும், ஒரு மாதத்துக்கு மேல்கூட இழுக்கும். கணக்கும் பார்த்துவிடுங்கள்: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை கிட்டத்தட்ட ஒரு பங்கு கேஸ் கொடுக்கும், அதாவது பீரின் அளவுக்குச் சமமான கேஸ். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் கரைந்திருக்கும். சாதாரண பீருக்கு 2.3, 2.4 பங்கு போதும், ஆகவே லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120 கிராம். இதைப் போட்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். என்னுடைய அந்த ஒரு டீஸ்பூன் அதை நாலரைக்குக் கொண்டுபோயிருக்கும், சாதாரண பீர் பாட்டில் அதைத் தாங்காது.

செய்ய வேண்டியது: பாட்டில் அடியில் கஞ்சி மாதிரி ஒரு படிவு இருக்கும், அதுதான் ஈஸ்ட். பாட்டிலை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து அதைக் கலைத்துவிடுங்கள், குலுக்க வேண்டாம். கவிழ்க்கும்போதே மூடியில் கசிவு இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்து, வெந்நீர் டேங்க் இருக்கும் அலமாரியிலோ ஃப்ரிட்ஜ் தலையிலோ, 20-22 டிகிரி கிடைக்கிற இடத்தில் இரண்டு வாரம் விடுங்கள். ரேடியேட்டர் மேல் மட்டும் வேண்டாம், ஒரு பக்கம் சுட்டு ஒரு பக்கம் ஜில்லென்று இருக்கும். பிறகு ஒரே ஒரு பாட்டிலை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துத் திறந்து பாருங்கள், குளிரில்தான் கேஸ் பீருக்குள் ஒழுங்காகக் கரையும். அப்போதும் தட்டையாக இருந்தால், அதுவும் பல மாதம் குளிரில் கிடந்த பீராகவோ ஆல்கஹால் அதிகமான பீராகவோ இருந்தால், பாட்டிலுக்கு நாலைந்து குருணை உலர் ஈஸ்ட் போடலாம். சர்க்கரை இல்லை, ஈஸ்ட்.

அடுத்த முறை ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் அடையுங்கள். அமுக்கினால் உள்ளே போகாமல் கல் மாதிரி இருந்தால் மற்றதும் தயார். வேலூர் கோலி சோடாவில் சிலிண்டர் கேஸை மெஷினில் சுற்றி ஏற்றுவார்கள், உள்ளே இருக்கும் கேஸே கோலியைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை, விரல்தான் மீட்டர்.

இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதனால் இப்போது நிஜமாகவே இஞ்சி சோடாதான் செய்கிறேன். எங்கள் ஊர் மே மாதத்தில் உங்கள் பிரச்சினை தலைகீழ்: ராத்திரி அடைத்தால் காலையில் பாட்டில் கல்லாகிவிடும். அம்மா காபி போடுவதற்கு முன்னாலேயே அதை அமுக்கிப் பார்த்து ஃப்ரிட்ஜில் தள்ளிவிடுகிறார்.