செடித்தொட்டிக்குக் கரியமில வாயு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் 60 லிட்டர் மீன்தொட்டியில் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் செழிப்பாக இருக்கின்றன, சிவப்புத் தண்டுச் செடிகளும் தரையில் படரும் செடிகளும் மட்டும் நலிந்துபோகின்றன. விளக்கை மாற்றி ஒளியைக் கூட்டியும் பயனில்லை, பாசிதான் படிந்தது. செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்கச் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த பாட்டிலை வைத்தால் போதுமா, சிலிண்டரே வாங்க வேண்டுமா?

பதில்: அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மெதுவாக வளர்பவை, மங்கலான ஒளியில், நீரில் இயல்பாக இருக்கும் கரியமில வாயுவைக் கொண்டே அவை வாழ்ந்துவிடும். வேகமாக வளரும் செடிகளின் நிலை வேறு. செடியின் உலர் எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு கார்பன் என்றிருக்க, காற்றோடு சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அரை மில்லிகிராம் அளவே. மீன்கள் மூச்சுவிடுவதாலும் கழிவுகள் மட்குவதாலும் அது சில மில்லிகிராம் வரை உயரலாம். அத்துடன், இந்த வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால், இலையை ஒட்டிய நீரில் இருந்தது தீர்ந்ததும் அடுத்தது வந்துசேரத் தாமதமாகிறது. இந்த நிலையில் நீங்கள் ஒளியைக் கூட்டியது செடியின் தேவையைக் கூட்டியதே தவிர, வரவைக் கூட்டவில்லை. மிஞ்சிய ஒளியைப் பாசி எடுத்துக்கொண்டது. வாயு கொடுக்க மனமில்லை என்றால் ஒளியைக் குறைத்து, மெதுவாக வளரும் செடிகளோடு நின்றுகொள்ளலாம். அதுவும் நல்ல தொட்டிதான்.

கொடுப்பதென்று முடிவெடுத்தால், அளவைவிடச் சீர்மையே முக்கியம் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஈஸ்ட் பாட்டில் முதல் சில நாட்கள் வேகமாகக் குமிழிவிட்டு, இரண்டொரு வாரங்களில் தளர்ந்து ஓய்ந்துவிடும். அறை வெப்பம் மாறினால் அதன் வேகமும் மாறும். செடிகளுக்கு வாயு தேவைப்படாத இரவிலும் அதை நிறுத்த வழியில்லை. இப்படி அளவு ஏறி இறங்கும் தொட்டிகளில்தான் கருந்தாடிப் பாசி அதிகம் தலைகாட்டுகிறது. சமையல் சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் எடையில் ஏறத்தாழ 4:3 என்ற விகிதத்தில் சேர்த்து வாயு எடுக்கும் முறை, அழுத்தம் தாங்கும் உலோகக் கலனும், வாயுவின் ஓட்டத்தை நுட்பமாகக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வும் இருந்தால் ஈஸ்டைவிட மேலானது. ஆனாலும் பல ஆண்டுகள் வைத்திருக்கப்போகும் தொட்டிக்குச் சிலிண்டரையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் பொருத்துவது? வினாடிக்கு எத்தனை குமிழிகள் விட வேண்டும்?

பதில்: சிலிண்டர், ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைப்பது), சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது), ஊசி வால்வு, குமிழி எண்ணும் குப்பி, செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் செல்லவிடுவது), தொட்டிக்குள் டிஃப்யூசர் (வாயுவை நுண்குமிழிகளாக்குவது) என்பது வழக்கமான வரிசை. செக் வால்வு இல்லையென்றால், வாயு நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி வால்வுகளைக் கெடுத்துவிடும். சிலிகான் குழாயின் சுவர் வழியாகவே கரியமில வாயு கசியும் என்பதால், இதற்கென்று விற்கப்படும் குழாயை வாங்குங்கள். எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். சிலிண்டர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் கண்ணில் படாத கசிவுதான் காரணம்.

சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். உள்ளே வாயு திரவமாக இருப்பதால், சாய்ந்தால் அந்தத் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும். திரவம் இருக்கும்வரை அழுத்தமானி 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பார் என்ற ஒரே அளவைத்தான் காட்டும் என்பதால், மீதி எவ்வளவு என்பதை எடைபோட்டுத்தான் அறிய முடியும். திரவம் தீர்ந்து முள் இறங்கத் தொடங்கும் வேளையில் விழிப்பு தேவை: அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டர்கள் சிலவற்றில் அப்போது வெளியேறும் அழுத்தம் உயர்ந்து, மிஞ்சிய வாயு தொட்டிக்குள் பாய்ந்துவிடலாம். இரண்டு படிகளில் குறைக்கும் இரட்டைக் கட்ட ரெகுலேட்டரில் இந்த அச்சம் இல்லை. மீன்களின் உயிரை எண்ணி, இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன்.

குமிழிக் கணக்கைப் பொறுத்தவரை, ஒருவரின் எண்ணிக்கை இன்னொருவருக்கு உதவாது. குமிழியின் அளவும், டிஃப்யூசரின் திறனும், நீர்ப்பரப்பின் அசைவும் தொட்டிக்குத் தொட்டி வேறுபடும். எட்ட வேண்டிய இலக்கு லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம். அதை அறிய, வாயு கொடுக்கத் தொடங்கும் முன்பே தொட்டி நீரின் பிஎச் அளவை (நீரில் அமிலத்தன்மை கூடக் கூட இது குறையும்; கரைந்த கரியமில வாயு நீரை அமிலமாக்கும்) குறித்துக்கொள்ளுங்கள். வாயு ஓடும்போது தொட்டியின் பிஎச் அதைவிட ஏறத்தாழ 1 குறைந்திருந்தால், இயல்பாகக் கரைந்திருந்த சில மில்லிகிராம் வாயு சுமார் பத்து மடங்காகி இலக்கை நெருங்கிவிட்டது என்று பொருள். கார்பனேட் கடினத்தன்மையையும் (நீரில் கரைந்த பைகார்பனேட்டின் அளவு, இதற்கென்று உள்ள டிகிரியில் சொல்லப்படுவது) பிஎச்சையும் சேர்த்துப் பார்க்கும் அட்டவணையும் உண்டு. அதன்படி கடினத்தன்மை 4 டிகிரியும் பிஎச் 6.6-உம் இருந்தால் வாயு 30 மில்லிகிராம். ஆனால் மரக்கட்டையிலிருந்தோ பீட் எனும் மட்கிய தாவரப் பொருளிலிருந்தோ வேறு அமிலங்கள் கலந்திருந்தால் அட்டவணை உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். நிறம் மாறி வாயுவின் அளவைக் காட்டும் சிறு குப்பியான டிராப் செக்கரையும் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். அதற்குள் தொட்டி நீரை ஊற்றாமல், 4 டிகிரி கடினத்தன்மைக்குத் தயாரித்த நீரையே ஊற்ற வேண்டும். நீலம் குறைவு, பச்சை சரி, மஞ்சள் ஆபத்து.

விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வாயு தொடங்கவும், அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்கவும் டைமரை அமையுங்கள். முதல் நாளிலேயே இலக்கை எட்ட முயலாமல், சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கூட்டும் நாளில் வீட்டில் இருந்து மீன்களைக் கவனியுங்கள்.

கேள்வி: டிராப் செக்கர் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆக்ஸிஜன் குறைவா?

பதில்: இதைப் படிக்கும்போதும் அப்படி இருந்தால் உடனே வாயுவை நிறுத்தி, காற்று மோட்டாரை ஓடவிட்டு, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

நீரில் கரியமில வாயு மிகுந்தால், மீனின் இரத்தத்தில் உள்ளது செவுள் வழியே வெளியேற முடியாமல் தேங்குகிறது. இரத்தம் அமிலமாகி, ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பற்றும் திறன் குறைகிறது. அதனால் நீரில் ஆக்ஸிஜன் நிறைந்திருந்தாலும் மீன் திணறும். டிராப் செக்கரின் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், நீங்கள் கண்ட பச்சை கடந்த நேரத்தின் நிலையாக இருக்கலாம். கருவியும் மீனும் வேறு வேறு சொன்னால் மீனையே நம்புங்கள். இனி ஊசி வால்வைச் சற்று இறுக்கி, நீர்ப்பரப்பு மெல்ல அலையாடும்படி வடிகட்டியின் வாயைத் திருப்பி வையுங்கள். அதனால் கொஞ்சம் வாயு வீணாகும். ஆனால் ஆக்ஸிஜன் நிறையக் கரையும். ஒன்று கரைவதற்கு மற்றொன்று இடம்விட வேண்டியதில்லை, இரண்டும் ஒருசேர நிறைந்திருக்க முடியும்.

கேள்வி: ‘திரவக் கார்பன்’ என்று விற்கப்படுவது வாயுவுக்கு ஈடாகுமா?

பதில்: ஈடாகாது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைடு. மருத்துவக் கருவிகளைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் வேதிப்பொருள் அது. பாசியை ஒடுக்கும், அதே வேகத்தில் வாலிஸ்னேரியா போன்ற செடிகளையும் கருக்கிவிடலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: 2 கிலோ சிலிண்டரைப் படுக்கையறையில் வைக்கலாமா?

பதில்: கூடாது என்பேன். 2 கிலோ திரவம் முழுவதும் வாயுவானால் அறை வெப்பநிலையில் 1.1 கன மீட்டர் இடத்தை நிரப்பும். 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய அறையில் அது மொத்தமும் கசிந்தால், காற்றில் அதன் பங்கு 3.5 விழுக்காட்டை எட்டும். தலைவலியும் மூச்சிரைப்பும் உண்டாக அது போதும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையருகே கூடுதலாகத் தேங்கும். தரையில் படுத்து உறங்குபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது இன்னும் கேடு. காற்றோட்டமுள்ள கூடத்தில், வெயில் படாத இடத்தில், சங்கிலியால் பிணைத்து நிறுத்துங்கள். 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவமே இராது. நன்கு நிரப்பிய சிலிண்டரில் அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் விரைந்து ஏறும்.