பக்கத்து மினிமார்க்கெட் நம் கொள்முதல் விலைக்கும் கீழே விற்கிறதே, எப்படிக் கட்டுபடியாகிறது?

கேள்வி: செந்தூலில் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். இரண்டு கடைவீடு தள்ளி ஒரு சங்கிலி மினிமார்க்கெட் திறந்திருக்கிறார்கள். மைலோ, சோப்புத்தூள், பால் டின் எல்லாம் எங்கள் சப்ளையர் எங்களுக்குத் தரும் விலையைவிடக் குறைவாக அங்கே விற்கிறது. நட்டத்துக்கு விற்று எங்களை மூட வைக்கப் பார்க்கிறார்களா? இப்படி எத்தனை நாள் தாங்குவார்கள்?

பதில்:

கோலாலம்பூரில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். என்னிடம் வரும் கடைக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் நட்டத்துக்கு விற்கவில்லை. ஆள் இழுக்க ஒன்றிரண்டு சாமானை அடிமாட்டு விலைக்கு வைத்திருக்கலாம். மற்றதில் லாபம் இருக்கிறது, ஆனால் சின்ன லாபம்.

எவ்வளவு சின்னது என்று பார்க்க, மலேசியாவின் மினிமார்க்கெட் சங்கிலியான 99 ஸ்பீட்மார்ட்டை எடுத்துக்கொள்ளலாம். பங்குச் சந்தையில் இருப்பதால் அதன் கணக்கை யாரும் பார்க்கலாம். 1987இல் லீ தியாம் வா கிள்ளானில் தொடங்கியபோது அதுவும் உங்கள் அப்பா கடை மாதிரி ஒரு மளிகைக் கடைதான். 2024 செப்டம்பரில் பங்கு ஒன்று 1 வெள்ளி (ரிங்கிட்) 65 காசு என்று சந்தைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு விற்பனை சுமார் 920 கோடி வெள்ளி, நிகர லாபம் சுமார் 40 கோடி. அதாவது நூறு வெள்ளிக்கு விற்றால் கடைசியில் மிஞ்சுவது நாலு வெள்ளியும் கொஞ்சம் சில்லறையும். அப்பாவிடம் நூற்றுக்கு நாலு என்று சொல்லிப் பாருங்கள், கடையை அடைத்துவிட்டு கிராப் வாடகைக் கார் ஓட்டலாம் என்பார்.

ஆனால் அந்த நாலு வெள்ளி வருடத்தில் எத்தனை தடவை வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கணக்குக்காக எண்களை நானே போடுகிறேன். நீங்கள் 10 வெள்ளிக்கு வாங்கி 12க்கு விற்கிறீர்கள், சாமான் தட்டில் இரண்டு மாதம் கிடக்கிறது. வருடத்துக்கு ஆறு சுற்று, 12 வெள்ளி லாபம். அவர்கள் மொத்தமாக எடுப்பதால் 9.20க்குக் கிடைக்கிறது. 9.90க்கு, உங்கள் கொள்முதல் விலைக்கும் கீழே, விற்கிறார்கள். ஆனால் பதினைந்து நாளில் தீர்ந்துவிடுகிறது. வருடத்துக்கு இருபத்து நாலு சுற்று, 16 வெள்ளி 80 காசு. ஒரு சாமானுக்கு எழுபது காசு மட்டுமே பார்த்தவர் வருட முடிவில் உங்களை முந்திவிடுகிறார்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த 9.20 யாருடைய பணம்? அப்பா லாரிக்காரருக்கு அன்றைக்கே ரொக்கமாகக் கொடுப்பார், மிஞ்சினால் இரண்டு வாரம் தவணை கேட்பார். பெரிய சங்கிலிக்கு சப்ளையர் அறுபது நாள் கடன் கொடுக்கிறார் என்று வையுங்கள். பதினைந்து நாளில் விற்றுத் தீர்ந்தால், முதல் பில்லுக்குப் பணம் கட்டும் முன் நாலு சுற்று முடிந்திருக்கும். நடுவில் நாற்பத்தைந்து நாள் சப்ளையர் பணம் இவர்கள் கையில் இருக்கும். அடுத்த கிளைக்கு முன்பணமாகக்கூட அது போகலாம். வங்கி வட்டி கிடையாது. இப்படித்தான் கிளை கிளையாகத் திறக்க முடிகிறது. ஆனால் விற்பனை படுத்துவிட்டால் இதே ஏற்பாடு கழுத்தைப் பிடிக்கும், பில்கள் வரிசையாக வந்து நிற்கும்.

இது போக, சாமானைக் கண்ணில் படும் தட்டில் அடுக்கப் பணம், இத்தனை பெட்டி விற்றால் விலையில் கழிவு என்று சப்ளையரிடமிருந்து வருவதும் உண்டு. விலைச் சீட்டைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு இது தெரியாது.

சரி, உங்கள் பக்கம் வருவோம். நான் பார்க்கும் கடைகளில் பாதிக்குக் கணக்கில் லாபம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. லாபம் எங்கே என்று தேடினால் இரண்டு இடத்தில் கிடைக்கும். ஒன்று 555 புத்தகம், கடன் எழுதும் சின்ன நோட்டு. அப்பாவிடமும் கட்டாயம் ஒன்று இருக்கும். அதில் எழுதியிருப்பதெல்லாம் விற்ற சாமான், வராத பணம். இன்னொன்று பின்னறை. தீபாவளிக்கு எடுத்து மிஞ்சிய எண்ணெய் டின், மாவு, விளக்கு, பட்டாசுப் பெட்டி மாதிரி அடுக்கிய பிஸ்கட் டப்பா. சப்ளையருக்கு ரொக்கம், வாடிக்கையாளருக்குக் கடன். மினிமார்க்கெட்காரர் செய்வதற்கு நேர் தலைகீழ். விலையைப் பற்றி யோசிக்கும் முன் இதை எழுதிப் பாருங்கள்: கடன் எவ்வளவு வெளியே நிற்கிறது, மூன்று மாதமாக அசையாத சாமான் எவ்வளவு. அப்பாவுக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

நட்டத்துக்கு விற்பது சட்டப்படி தப்பில்லையா என்றும் சிலர் கேட்பார்கள். மலேசியாவில் போட்டிச் சட்டம் 2010 இருக்கிறது, 2012 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. ஆனால் போட்டியாளரை விரட்ட விலையை இறக்குவதை அது கேள்வி கேட்பது சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனத்திடம்தான். அதை நடத்தும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டியில் 60 விழுக்காட்டுக்கு மேல் பங்கு இருந்தால்தான் பொதுவாக ஆதிக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தெருவில் திறந்த மினிமார்க்கெட் மீது புகார் கொடுத்துப் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மைலோவிலும் சோப்புத்தூளிலும் அவர்களோடு மோதாதீர்கள். அவற்றைக் குறைவாக வைத்திருங்கள், வந்த ஆள் திரும்பிப் போகாமல் இருக்கும் அளவுக்கு. சங்கிலிக் கடையின் கிடங்கு அனுப்ப விரும்பாத சாமான்தான் உங்கள் இடம்: வெற்றிலை, வாழையிலை, கட்டிய பூ, அன்றன்றைக்கு அரைத்த மசாலா, பூசைச் சாமான், தைப்பூசத்துக்குப் பால் செம்பு. இவை வாடும், கெடும், ஆளைப் பார்த்துப் பேசி விற்க வேண்டியவை. லாபமும் கூட, சீக்கிரம் திரும்பியும் வரும். செந்தூல் மாதிரி இடத்தில் வாங்க ஆள் இருக்கிறார்கள்.

சப்ளையரிடம் விலைக் குறைப்பு கேட்பதைவிடத் தவணை நாளைக் கேளுங்கள். சிறு கடைக்கு விலையைக் குறைக்க மாட்டார்கள். ஒழுங்காகக் கட்டும் கடைக்கு ஏழு நாளைப் பதினாலாக்கத் தயங்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து அரிசியையும் பருப்பையும் ஒரே லாரியில் எடுத்தால் விலையும் கொஞ்சம் இறங்கும். ஆனால் நம் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்குவது கல்யாணப் பேச்சைவிடக் கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போட்டியைச் சமாளிக்க இரவு பத்தரை வரை திறந்துவைக்கலாம், அதற்கு இன்னொரு ஆள் போடலாம் என்று அப்பா சொன்னால் முதலில் கணக்குப் போடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி, சிறு கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட்டிலிருந்து அதுதான். உள்ளூர் ஆளுக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சேர்த்து 1,921, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) தனி. பன்னிரண்டு வெள்ளி விற்பனைக்கு இரண்டு வெள்ளி நிற்கும் கடையில் இந்த ஒரு ஆளுக்காக மட்டும் மாதம் பதினோராயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குக் கூடுதலாக விற்க வேண்டும். ராத்திரி நேரத்தில் அவ்வளவு விற்கும் என்றால் போடுங்கள்.