காட்டுத் தீ பற்றிய ஆய்வுக்குக் களப்பணிக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? அங்கே என்னதான் வேலை?

மூன்று கோடைகள் முதுமலைப் புலிகள் காப்பகத்தில் ஒரு ஆய்வுக் குழுவில் தாவரக் கணக்கெடுப்பு உதவியாளராக இருந்தேன். தாவரவியல் பட்டம் முடித்த கையோடு போனது. ஜனவரியில் சேர்ந்தால் ஜூலையில் ஒப்பந்தம் முடியும், அடுத்த ஜனவரியில் மறுபடி.

ஊரில் எல்லோரும் தீக்குள் இறங்கி வேலை செய்வேன் என்றுதான் நினைத்தார்கள். காட்டுத் தீயை நான் கண்ணால் கண்டது மூன்று ஆண்டில் இரண்டே முறை. இரண்டு முறையும் அளவு நாடாவைப் போட்டுவிட்டு, வனத்துறை ஆட்களோடு சேர்ந்து பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைக்கத்தான் போனோம். மற்ற நாளெல்லாம் தீ வருவதற்கு முன்னால் என்ன இருந்தது, போன பிறகு என்ன மிஞ்சியது என்று எண்ணுகிற வேலை.

டிசம்பரோடு மழை விடும். ஜனவரியில் இலை கொட்டத் தொடங்கும். பிப்ரவரி கடைசியில் தேக்கு மொட்டையாக நிற்கும், கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்கும். அப்போது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் கிடக்கும் சருகு, சுள்ளி, காய்ந்த புல் எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் அள்ளுவோம். முகாமில் உலர்த்தி எடை போடுவோம். எரியக்கூடியது எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாமல் தீயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இதே நாட்களில் சிறு செடிகளுக்கு எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டி, உயரமும் அடித்தண்டின் சுற்றளவும் குறிப்போம்.

வனத்துறை சாலையோரத்தில் தீத்தடுப்புக் கோடு எரிக்கும் நாள், அதாவது தீ தாண்டிப் போகாமலிருக்க ஒரு பட்டைச் சருகை முன்கூட்டியே எரித்துவிடும் நாள், எங்களுக்கு முக்கியமானது. குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் சாயங்களைத் தகட்டில் பூசி, சிலவற்றைத் தரைமேலும் சிலவற்றை மண்ணுக்குள்ளும் முன்கூட்டியே வைத்துவிடுவோம். மேலே வைத்த தகட்டில் சாயம் உருகி வழிந்திருக்கும். நாலு விரல் ஆழத்தில் புதைத்தது பூசினபடியே இருக்கும். எனக்கு இந்தத் துறையின் அடிப்படை புரிந்தது அன்றைக்குத்தான். இந்தக் காட்டில் தீ தரையோடு ஓடுகிற தீ. சருகைத் தின்றுகொண்டே நகர்ந்துவிடும். பட்டை தடித்த பெரிய மரத்துக்கு அடியில் கரி பிடிப்பதோடு சரி. சிறு செடியின் தண்டு கருகிவிடும். வேர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

காலை ஆறரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். முன்னால் பெட்டக்குறும்பர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு அண்ணன் நடப்பார். அவர் கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. உண்ணிச்செடிப் (லந்தானா) புதருக்கு அந்தப்பக்கம் யானை நிற்பது பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. "தம்பி, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசு" என்பார். இலையில்லாத மரத்தைப் பட்டையைக் கீறி மோந்து பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவார். எங்கள் பதிவேட்டில் பாதிப் பெயர் அவர் சொன்னதுதான். ஆனால் குழுவின் அறிக்கையில் அவர் பெயர் நன்றி சொல்லும் வரியில்கூட வரவில்லை. அது தவறு என்று அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

முதல் ஆண்டு மார்ச்சில் எங்கள் செடிகள் இருந்த சரிவில் தீ வந்தது. இந்தக் காடுகளில் மின்னலால் தீப்பிடிப்பது அபூர்வம், பெரும்பாலும் மனிதர் வைப்பதுதான். மூன்றாம் நாள் போனோம். சாம்பல் இன்னும் மெத்தென்று இருந்தது. மரங்களில் கரி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளந்தோம், எரிந்த எல்லையை ஜிபிஎஸ்ஸோடு சுற்றி நடந்தோம். உண்ணிச்செடி அடர்ந்த இடத்தில் மட்டும் கரி என் தலைக்கு மேலே போயிருந்தது. புதரைப் பிடித்துக்கொண்டு தீ மேலே ஏறியிருக்கிறது. 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்த செடி இது. எரிந்தாலும் மழை பெய்ததும் தூரிலிருந்து முந்திக்கொண்டு துளிர்க்கும்.

நான் தகடு கட்டிய செடிகளில் ஒரு கருமருது இருந்தது, எண் 417. ஜனவரியில் 140 செ.மீ. தீக்குப் பிறகு கரிக்குச்சி. செத்துவிட்டது என்று எழுதப்போனேன். அண்ணன், "மழை வரட்டும்" என்றார். ஜூனில் போனால் அடியிலிருந்து நாலு துளிர். அடுத்த ஜனவரியில் 95 செ.மீ. ஓராண்டு வளர்ந்து, தொடங்கிய இடத்துக்கும் கீழே! தீ அடிக்கடி வருகிற இடத்தில் ஒரு செடி இப்படியே பல ஆண்டு முழங்கால் உயரத்தில் மாட்டிக்கொள்ளும். வேர் கிழடு, தண்டு பச்சைக்குழந்தை. நாலைந்து ஆண்டு சேர்ந்தாற்போல் தீ வராமல் இருந்தால் தலை தீ நாக்குக்கு மேலே போய்விடும், பட்டையும் தடிக்கும், அப்புறம் மரமாகிவிடும்.

அதனால் 'காட்டுத் தீ நல்லதா கெட்டதா' என்று யாராவது கேட்டால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த மாதத்தில், எந்தக் காட்டில் என்று திருப்பிக் கேட்கிறேன். பச்சை மாறாத சோலைக்காட்டில் தீ புகுந்தால் அழிவுதான். இலையுதிர் காட்டில் இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1954லிருந்து பாத்தி பிரித்து, ஆண்டுதோறும், இரண்டாண்டுக்கொரு முறை, மூன்றாண்டுக்கொரு முறை என்று எரித்துப் பார்க்கிறார்கள். புலிகள் காப்பகத்தில் நாம் அப்படிச் செய்ய முடியாது, நாம் வைக்காமல் வந்த தீயைத்தான் பின்தொடர வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988ல் 50 ஹெக்டேரை வரையறுத்து, ஒரு செ.மீ. தடிமனுள்ள செடி வரை எண் கொடுத்து, 25,000க்கும் மேற்பட்ட மரஞ்செடிகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். ஒரு ஆள் மூன்று கோடையில் பார்ப்பதற்கும் முப்பது ஆண்டுக் கணக்குக்கும் உள்ள தூரம் மலைக்க வைக்கிறது.

பக்கத்தில் கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் முன்பு கோடைத் தொடக்கத்திலேயே சிறிதாகச் சருகுத் தீ வைப்பார்கள். 1974ல் அது சரணாலயமான பிறகு அந்த வழக்கம் நின்றது. தீ நின்றதால்தான் உண்ணிச்செடி பரவியது, நெல்லி மரங்களில், கிளையில் ஒட்டி உறிஞ்சி வாழும் புல்லுருவி பெருகியது என்பது அவர்கள் வாதம். ஆய்வாளர்கள் பிறகு இதைப் பற்றி நிறைய எழுதினார்கள். அந்தப் பேச்சை ஆரம்பத்திலேயே காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

இனி, நீங்கள் போக நினைத்தால். தனியாகப் போய் ஆய்வு செய்ய முடியாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்ற குழு ஒன்றில் சேர வேண்டும். சம்பளம் குறைவு, தங்குமிடமும் சாப்பாடும் உண்டா என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் உண்ணி கடி தாங்க முடியாது. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், இரவில் உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள், காய்ச்சல் வந்தால் காட்டில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், தீப்பருவத்தில் புல்சரிவில் மேல்நோக்கி ஏறுகிற பாதையில் தனியாகப் போகாதீர்கள். சரிவில் தீ மேலே ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரைத் தீ கொண்டுபோனது. அந்தச் செய்தி வந்தபிறகு எங்கள் முகாமில் தப்பிக்கும் வழியைக் காட்டாமல் யாரையும் காட்டுக்குள் அனுப்புவதில்லை.

417ஐ நான் கடைசியாக அளந்தபோது 178 செ.மீ. என் இடத்துக்கு வந்த பெண் போன பிப்ரவரியில் கூப்பிட்டார். அந்தச் சரிவுக்கு இன்னும் தீ வரவில்லையாம். தகட்டுக் கம்பி தண்டில் இறுகிப் பட்டைக்குள் புதையப் பார்த்ததால், அறுத்துவிட்டுப் புதுக் கம்பியைத் தளர்வாகக் கட்டியிருக்கிறார்கள்.