தற்காப்புக்கு முதல் கைத்துப்பாக்கி வாங்குவது எப்படி? வெளியூருக்கு எடுத்துப்போகலாமா?

கேட்டவருக்குக் காரைக்குடியில் நகைக்கடை. சரக்கு எடுக்க அடிக்கடி கோவைக்குப் போகிறார். எந்தத் துப்பாக்கி நல்லது, எப்படி எடுத்துப்போவது என்று கேட்டிருக்கிறார். எனக்கும் அதே தொழில்தான், .32 ரிவால்வர் (.32 என்பது குழலின் துளை அளவு) வைத்திருக்கிறேன். எந்த மாடல் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எதற்காக வேண்டும், எந்த எல்லைக்குள் வேண்டும் என்று மனுவில் எழுதப்போகிறீர்களே, முதலில் அந்த இரண்டையும் யோசியுங்கள். பிறகு வருவதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும் மாவட்டங்களில் கலெக்டரிடமும் மனு கொடுக்க வேண்டும். கூடவே மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பழகியதற்கான சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. அப்புறம் உள்ளூர் ஸ்டேஷன் விசாரணை. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், பழைய வழக்கு ஏதாவது உண்டா என்று பார்ப்பார்கள். ஸ்டேஷன் அறிக்கைக்கு 30 நாள், அது வந்தபின் முடிவெடுக்க 60 நாள் என்று 2016 விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் இழுக்கும், பொறுமை வேண்டும்.

காரணம் எழுதும் இடத்தில் "பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் நிற்காது. ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்கு, எந்த வழியில் எவ்வளவு மதிப்புள்ள சரக்கு போகிறது என்ற விவரம், முன்பு மிரட்டல் ஏதும் வந்திருந்தால் அதைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது என்று எல்லாவற்றையும் வையுங்கள். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம்.

எல்லை விஷயத்தில்தான் முதல்முறை மனு போடுகிறவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகக் கோவைக்குப் போகிறவர் என்றால் நாலைந்து மாவட்டங்களைக் கடக்கிறீர்கள். லைசென்ஸில் உங்கள் மாவட்டம் மட்டும் இருந்தால் அந்தப் பயணத்துக்குத் துப்பாக்கி உதவாது. மாநிலம் முழுவதும் வேண்டும் என்று காரணத்தோடு மனுவிலேயே கேளுங்கள்.

எல்லை சரியாக இருந்தாலும் எடுத்துப்போக முறை உண்டு. உறையிலோ பையிலோ முழுக்க மறைந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதெல்லாம் கூடவே கூடாது. திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் இங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்பது லைசென்ஸிலேயே உள்ள நிபந்தனை. பங்குனி உத்திரத்தன்று போகிற வழியில் பழனியில் இறங்கிச் சாமி கும்பிடும் யோசனை இருந்தால் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும்.

விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. கவுன்ட்டரில் முன்கூட்டியே சொல்லி, தோட்டாக்களை நீக்கி, செக்-இன் சாமானில்தான் போட வேண்டும். பையின் மூலையில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தாலும் பயணம் நின்று வழக்கு வரை போகும். துப்பாக்கிக்கு என்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், நமக்குக் கிடைக்காது. பெரும்பாலோர் வாங்குவது .32தான். 1980களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதிக்குத் தடை இருப்பதால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு எக்கச்சக்க விலை சொல்வார்கள். முதல் துப்பாக்கிக்கு அந்தப் பணம் தேவையில்லை, கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வரே போதும். அங்கிருந்து 2014இல் வந்த நிர்பீக் என்ற மாடல் அரைக் கிலோ எடைதான். தெரிந்தவரிடம் பழசு வாங்குவதானால், விற்பவர் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும்.

கடையில் துப்பாக்கியின் எண்ணை நீங்களே ஒருமுறை படித்துப் பில்லோடு ஒப்பிடுங்கள். என் துப்பாக்கியை லைசென்ஸ் ஆபீஸில் பதியக் கொண்டுபோனபோது அங்கிருந்தவர் டார்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத்தான் குறித்துக்கொண்டார். வாங்கும் தோட்டாவும் கணக்கில் ஏறும். லைசென்ஸ் இப்போது 5 வருடத்துக்கு. முடிவதற்கு 60 நாள் முன்னதாகவே புதுப்பிக்க மனு போட்டுவிடுங்கள்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். முடிவுகள் வெளியாகும்வரை அது உங்கள் கையில் இருக்காது. ஆனால் முகூர்த்தக் காலத்தில் தேர்தல் வந்தால் சரக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்த வாரங்களுக்கு இன்சூரன்ஸோடு சரக்கு ஏற்றிவரும் ஏற்பாட்டை இப்போதே பேசி வையுங்கள்.