ஸ்போர் விழிக்க வேண்டியது வேரில், டிரம்மில் அல்ல

கேள்வி: தக்காளி நட்டு 25 நாள் ஆகிறது. வாடல் நோய்க்காக பேசில்லஸ் சப்டிலிஸ் (நோயை அடக்கும் நன்மை பாக்டீரியா) தூள் 1 கிலோவையும் வெல்லம் 2 கிலோவையும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, இரண்டு நாள் மூடி வைத்து வேரில் ஊற்றினேன். கரைசலில் புளித்த வாடை அடித்தது. அதற்கு நான்கு நாள் முன்பு காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சாணக்கொல்லி ஊற்றியிருந்தேன். செடிகள் இன்னும் வாடுகின்றன. ஸ்போர் முளைக்கவில்லை, அமினோ அமில டானிக் சேர்த்து ஊறவையுங்கள் என்கிறார் கடைக்காரர். எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். ஸ்போரை எப்படி முளைக்க வைப்பது என்று கேட்கிறீர்கள். அது எங்கே முளைக்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

பையில் இருக்கும் ஸ்போர், அதாவது பாக்டீரியாவின் உறங்கும் வடிவம், சூடு, வறட்சி, ரசாயனம் எல்லாவற்றையும் தாங்கும். அதன் உள்சவ்வில் உள்ள உணர்விகளில் உரிய சேர்மம் பட்டதும், உள்ளே தேங்கியிருந்த கால்சியம் டைபிகோலினேட் என்ற உப்பு வெளியேறும், தண்ணீர் புகும், தடித்த சுவரை அதன் நொதிகளே கரைக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை இது. அதன்பின் அது குளோரினுக்கும் காப்பருக்கும் சாகிற சாதாரண பாக்டீரியாதான்.

சப்டிலிஸை எழுப்ப முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று எல்-அலனின் என்ற அமினோ அமிலம். மற்றது அஸ்பராஜின் (இதுவும் அமினோ அமிலம்), குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், பொட்டாசியம் நான்கும் சேர்ந்த கூட்டு. குளுக்கோஸ் தனியாக எழுப்பாது. வெல்லத்தில் சர்க்கரையும் பொட்டாசியமும் உண்டு, அமினோ அமிலம் அற்பம். ஆகவே கொஞ்சம் விழிக்கும், மீதி உறங்கும். ஆனால் வெல்லத்திலும் தண்ணீரிலும் வரும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் உடனே பெருகும். மூடிய டிரம்மில் காற்று தீர்ந்து அமிலம் ஏறும். விழித்த சப்டிலிஸ் காற்றின்றித் திணறும். நீங்கள் முகர்ந்த புளிப்பு அந்த ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் செய்ததுதான்.

அடுத்து டானிக். அலனினுக்கு இடக்கை வலக்கை போல எல், டி என்று இரு வடிவங்கள். எல் எழுப்பும், டி குறுக்கே நின்று அதைத் தடுக்கும். புரதத்தைக் காரத்தில் வேகவைத்து உடைத்தால் டி வடிவமும் கணிசமாக வரும். லேபிளில் மொத்த அமினோ அமிலம் இத்தனை சதவீதம் என்றிருக்கும், எந்த வடிவம் என்று இருக்காது. போதாக்குறைக்கு, ஸ்போரின் மேலேயே அலனின் ரேஸ்மேஸ் என்ற நொதி ஒட்டியிருந்து எல்-ஐ டி-யாக மாற்றும். கெட்டியாகக் குழைத்து ஊறவைத்தால் ஸ்போர்க் கூட்டம் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும். சுத்தமான எல்-அலனினே கிடைத்தாலும் டிரம்மில் ஊற்றாதீர்கள். வேர் தானாகவே அமினோ அமிலமும் சர்க்கரையும் கசியவிடுகிறது. விழித்த பாக்டீரியாவுக்கு அங்கே காற்றும் உணவும் உண்டு.

"ஊறவைத்துப் பெருக்குங்கள்" என்பது சரக்கு விற்கச் சொல்லும் வழி. பெருக்குவது ஆலை வேலை: கிருமி நீக்கிய ஊடகம், இடைவிடாத காற்று, கடைசியில் உணவு தீர்ந்து மறுபடி ஸ்போராகும் வரை காத்திருப்பு. கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: மாதிரியை 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்கிய பின் எடுத்த உயிருள்ள பாக்டீரியா எண்ணிக்கை என்ன? விழித்தவை அந்தச் சூட்டில் செத்துவிடும், ஸ்போர் நிற்கும். சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்ல சரக்கு. தயாரிப்பாளரிடம் கேட்டுக்கூடச் சொல்ல முடியாதவரிடம் தூளும் வாங்காதீர்கள். கட்டி பிடித்த தூள் ஈரம் கண்டது, அதுவும் வேண்டாம்.

காப்பர் விஷயத்திலும் அவசரப்பட்டுவிட்டீர்கள். காப்பர் உள்ள மண்ணில் ஸ்போர் உறங்கும்வரை பிழைக்கும், முளைத்ததும் அடிபடும். 15 நாளாவது இடைவெளி விடுங்கள். பிறகு ஹெக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, மாலையில், ஈரம் உள்ள மண்ணில், வேரடியில் இடுங்கள். மக்கிய எரு காப்பரையும் ஓரளவு பிடித்துவைக்கும். கரைத்து ஊற்றுவதானால் குளோரின் இல்லாத தண்ணீர், வெல்லம் இல்லாமல், கலந்த கையோடு.

அதற்கு முன் வாடிய செடி ஒன்றின் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெண்மையாக இழை இழையாகக் கசிந்தால் பாக்டீரியா வாடல். கசிவின்றி உள்ளே பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஃபுசேரியம் பூஞ்சையால் வரும் வாடல். எதுவானாலும் முற்றிலும் வாடிய செடியை சப்டிலிஸ் மீட்காது. வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே எரித்துவிட்டு, தூளைப் பக்கத்துச் செடிகளுக்குக் கொடுங்கள்.